நான்காம் எண் படகு

விலை எழுபத்தெட்டாயிரம் என்றார் வொயிட்ஃபீல்டுக்காரர்.
துடுப்பு இரண்டும் இனாம்.
அலுமினியம், பதினோரு அடி, அடியில் ஒரேயொரு ஒட்டு.
விரலால் தட்டிப் பார்த்தேன்,
தர்பூசணி வாங்குகிறவளைப் போல.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.
தணிக்கை அலுவலகத்தில் பதினாறு வருஷம்;
கணக்குப் போடாமல் எனக்குக் காதலும் வந்ததில்லை.
ஐம்பத்திரண்டு ஞாயிற்றில்
மழை, நாத்தனார் பக்கத்துக் கல்யாணங்கள், மார்ச் மாதம் போக
மிச்சம் பத்தொன்பது.
மற்ற நாளெல்லாம் படகு எங்கே தூங்கும்?

காக்ஸ் டவுன் குடியிருப்பில் எனக்கு ஒரு பார்க்கிங்.
அதில் கார் நிற்கிறது. அதன் மேல் கட்டி வைக்கலாமா என்றால்
செயலாளர் சம்பங்கி விதிப் புத்தகத்தைப் புரட்டினார்:
"வாகனம்னா சக்கரம் இருக்கணும், மேடம்."
சக்கரம் வைத்தால்?
"அப்போ அது படகு இல்லையே."

சங்கத்துப் படகு இருக்கிறதே என்பார் கணவர்.
இருக்கிறது. ஐந்து இருக்கிறது.
வெள்ளி மாலை ஆறுக்குப் பதிவு நோட்டு திறக்கும்,
ஆறு மூன்றுக்கு மூடும்.
சில்க் போர்டில் நின்றுகொண்டிருக்கிற எனக்கு
எப்போதும் நான்காம் எண்.
அதோடு ஒரு பிளாஸ்டிக் மக்கும் தருவார்கள்,
குடிக்க அல்ல.
அதன் விளிம்பில் தலை நீட்டும் ஓர் ஆணி
என் நூலைப் பிடித்த கணக்கு
மீன் பிடித்ததைவிட அதிகம்.

ஜஸ்டினாதான் சொன்னாள், பாதிப் பாதி போடலாம் என்று.
மர்பி டவுனில் பல் மருத்துவர்.
ரஸ்ஸல் மார்க்கெட் சேவல் இறகும்
பல்லிடுக்கு நூலும் வைத்துப் பூச்சி கட்டுவாள்.
அவள் கட்டிய ஈயைப் பார்த்து
எங்கள் வீட்டுப் பல்லி ஒருமுறை ஏமாந்தது.

ஒரு காபியைப் பை-டூ வாங்கிக்கொண்டு
பத்திரம் எழுத உட்கார்ந்தோம்.
ஒற்றைப்படை ஞாயிறு அவளுக்கு, இரட்டைப்படை எனக்கு.
ஐந்தாம் ஞாயிறு வந்தால் சீட்டுக் குலுக்குவது.
ஓட்டை விழுந்தால் அன்றைக்கு ஏறியவள் பொறுப்பு.
குழந்தைகள் ஏறக் கூடாது. என் குழந்தை.
நாய் ஏறக் கூடாது. அவள் நாய்.
ஒன்பதாம் ஷரத்தில் என் பேனா நின்றது.

இந்த மீன்பிடிப்பில் இரண்டு கையும் நூலுக்கே.
வலது கை கோலை வீசும், இடது கை நூலை அளந்து விடும்.
அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தால்
கோயில் வாசலில் செருப்புத் தேடுகிறவனைப் போலப்
படகு சுற்றும்.
துடுப்புக்கு மூன்றாவது கை வேண்டும்.
இத்தனை வருஷம் அது அவளுடையது.
நான் வீசும்போது அவள், அவள் வீசும்போது நான்.
கெண்டை சேற்றைக் கிளறும் குமிழிக்கு நேராக
கேட்காமலேயே அரை அடி தள்ளுவாள்.

ஒற்றை, இரட்டை என்று பிரித்தால்
எனக்குப் படகு கிடைக்கும்.

இதை அவளிடம் சொல்லவில்லை.
"ஷரத்தை இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்றேன்.
பார்த்துப் பார்த்துப் பதினொரு நாள்.

இந்திரா நகரில் ஒரு பீர் கடை அதை வாங்கிப் போனது.
தம்பியின் பிறந்தநாளுக்குப் போனபோது கண்டேன்:
வயிறு நிறைய ஐஸ், ஐஸில் கழுத்தளவு பாட்டில்கள்,
துடுப்பிரண்டும் சுவரில் பெருக்கல் குறி.
குனிந்து அடியைத் தடவினேன்.
அந்த ஒட்டில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.
"என்ன தேடறீங்க?" என்றான் பரிமாறுகிற பையன்.

ஞாயிறு, ஐந்தரை. தொட்டகுண்டனஹள்ளி ஏரி.
அக்கரை அடுக்குமாடிகள் தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருந்தன.
முனிவெங்கடப்பா சாவியும் மக்கும் நீட்டி
"நால்கு" என்றார்.
ஜஸ்டினா கைப்பையைத் திறந்தாள்.
பல் குழி அடைக்கிற பசையைப் பிதுக்கி
ஆணியின் தலையில் அப்பி, நகத்தால் வழித்து,
மேலே நீல விளக்கைப் பிடித்தாள், இருபது வினாடி.
சங்கத்துச் சொத்து என்று முனகியவர்
பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரம் எதுவும் கடிக்காதே" என்று
படகிடம் சொன்னாள்.
நான் மக்கை எடுத்தேன்.